முறிந்த முதுகுக்கு எத்தனை விழுக்காடு?

ஆண்டுதோறும் திருவிழாக் கொடி ஏறுவதற்கு முன்பு நம் ஆலயக் கோபுரங்களைச் சுற்றிச் சாரம் கட்டுகிறார்கள். அதன்மேல் நின்று வெள்ளையடிப்பவர்களையும் சரவிளக்குக் கட்டுபவர்களையும் கீழே நின்று அண்ணாந்து பார்க்கிறோம். விழா முடிந்ததும் வரவு செலவு வாசிக்கப்படுகிறது. வாணவேடிக்கைக்கு ஒரு வரி உண்டு, பந்தலுக்கு ஒரு வரி உண்டு, மேளத்துக்கு ஒரு வரி உண்டு. சாரத்தில் நின்றவர்களின் விபத்துக் காப்பீட்டுக்கு என்று ஒரு வரியை நாம் இதுவரை கேட்டதில்லை.

அவர்களில் ஒருவர் விழுந்துவிட்டால் என்ன நடக்கிறது என்பது நம் அனைவருக்கும் தெரியும். ஆசாரிபள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்கிறோம். பழங்களோடு போய்ப் பார்க்கிறோம். சில வாரங்கள் சென்றதும் ஒப்பந்தக்காரரும் ஊர்ப் பெரியவர் இருவரும் பங்குப்பேரவை உறுப்பினர் ஒருவரும் கூடுகிறார்கள். ஒரு தொகை பேசப்படுகிறது. "கேசுக்குப் போனா வருசக்கணக்கா இழுத்தடிப்பானுவ மக்களே, கெடைக்கியத வாங்கீட்டு இரி" என்று ஒரு மூத்தவர் தழுதழுத்த குரலில் சொல்கிறார். முத்திரைத்தாளில் கையெழுத்தாகிறது. இதற்குப் 'பேசித் தீர்த்தல்' என்று பெயரிட்டிருக்கிறோம். சமாதானம் செய்துவைத்தோம் என்ற மனநிறைவோடு வீடு திரும்புகிறோம். இந்தச் சமாதானத்தின்மீதுதான் நாம் இங்கே குற்றம் சாட்டுகிறோம். குற்றவாளிக் கூண்டில் நிற்போரில் நாமும் உண்டு என்பதை மறைக்க விரும்பவில்லை.

பேசித் தீர்ப்பதைச் சட்டம் தடுக்கவில்லை. ஆனால் அப்படிப் பேசிய மொத்தத் தொகையின் உடன்பாட்டை முதலாளி ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்யவேண்டும் என்று 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டமே விதித்தது. தொகை போதாது என்றோ, வஞ்சகத்தாலும் வற்புறுத்தலாலும் பெறப்பட்டது என்றோ கண்டால் பதிவு செய்ய மறுக்கும் அதிகாரம் ஆணையருக்கு உண்டு. பதிவு செய்யாமல் விட்டால்? முழு இழப்பீட்டுக்கும் முதலாளி பொறுப்பாகிறார். ஆணையர் வேறுவிதமாக உத்தரவிட்டாலன்றி, முன்பு கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் அவருக்கு உரிமையில்லை. நம் முன்னிலையில் கையெழுத்தான அந்த முத்திரைத்தாள்களில் எத்தனை பதிவாகியிருக்கும் என்று வாசகர்கள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்! அந்தச் சட்டம் 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் அடங்கிவிட்டது. ஆணையர் அமர்ந்த நாற்காலிக்கும் வேறு பெயர் வந்துவிட்டது. உடன்பாட்டைப் பதிவு செய்யும் கடமை மட்டும் அப்படியே தொடர்கிறது.

தொகைக் கணக்குக்கு வருவோம். நாற்பது வயதுக் கொத்தனார் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விழுந்ததில் முதுகெலும்பு நொறுங்கியது. எழுந்து நடக்கிறார், ஆனால் சாரம் ஏறவோ, செங்கல் சுமக்கவோ, குனிந்து கலவை அள்ளவோ இயலாது. 2020 ஜனவரியில் மத்திய அரசு வெளியிட்ட அறிவிப்பு, கணக்கிடுவதற்கான மாத ஊதியத்துக்கு 15,000 ரூபாய் என்று வரம்பு கட்டியது. அதற்கு மேல் அவர் எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் ஏட்டில் ஏறாது. அதில் 60 விழுக்காடு 9,000. நாற்பது வயதுக்குச் சட்ட அட்டவணை தரும் பெருக்கெண் 184.17. இரண்டையும் பெருக்கினால் 16,57,530 ரூபாய். இது முழு ஊனத்துக்கு. மருத்துவர் சான்றில் நாற்பது விழுக்காடு என்று எழுதி, அதையே வருவாய் இழப்பாகவும் கொண்டுவிட்டால் 6,63,012 ரூபாய். ஒரு காகிதத்தில் எழுதப்படும் ஓர் எண்ணுக்குள் 9,94,518 ரூபாய் ஒளிந்துகிடக்கிறது. நாம் பேசித் தீர்க்கும் ஐம்பதாயிரமும் ஒரு லட்சமும் இந்தக் கணக்கில் எந்த மூலைக்கு?

அந்த எண் எங்கிருந்து வருகிறது? சில காயங்களுக்குச் சட்டமே அட்டவணை போட்டிருந்தது. கட்டைவிரல் போனால் 30, ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14, மற்றக் கண் நன்றாயிருக்க ஒரு கண் போனால் 40. இறைச்சிக்கடை விலைப்பட்டியல் போல் இருக்கிறதே என்று தோன்றலாம், தோன்றவேண்டும். முதுகெலும்பு அந்தப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாத காயத்துக்குத் தகுதிபெற்ற மருத்துவர் ஒருவர் வருவாய் ஈட்டும் திறன் எவ்வளவு குறைந்தது என்று மதிப்பிடவேண்டும். எலும்பு எவ்வளவு கோணியிருக்கிறது என்பதல்ல கேள்வி. பிழைப்பு எவ்வளவு போயிற்று என்பதே கேள்வி. இவ்விரண்டையும் ஒன்றாக்கிக் குழப்புவதில்தான் காப்பீட்டு நிறுவனங்களின் வழக்குரைஞர்கள் வல்லவர்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டையில் உள்ள விழுக்காட்டை எடுத்துக்காட்டி, "இவருக்கு இவ்வளவுதானே" என்பார்கள். அந்த அட்டை பேருந்துச் சலுகைக்கும் உதவித்தொகைக்கும் உரியது. கொத்தனாரின் கைத்தொழிலை அது அளக்கவில்லை.

உச்ச நீதிமன்றம் இதை என்றோ தெளிவுபடுத்திவிட்டது. பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில், திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்துகொண்டிருந்த தச்சர் 1968இல் விழுந்தார். இடக்கை முழங்கைக்கு மேலே வெட்டி எடுக்கப்பட்டது. ஒரு கைதானே போயிற்று, இது பகுதி ஊனம் என்று முதலாளி வாதாடினார். ஒற்றைக் கையால் தச்சுவேலை செய்ய இயலாது, ஆகவே இது முழு ஊனம் என்றார் ஆணையர். 1975 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதி செய்தது. விபத்து நேர்ந்த காலத்தில் அவர் என்ன வேலை செய்ய வல்லவராக இருந்தாரோ, அதைக் கொண்டே ஊனம் அளக்கப்படும். இழப்பீடு விபத்து நேர்ந்த அன்றே கடனாகிவிடுகிறது, ஆணையர் தீர்ப்பளிக்கும் நாள்வரை காத்திருப்பதில்லை என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. அத்தச்சருக்கு விதிக்கப்பட்ட இழப்பீடு 9,800 ரூபாய். அதற்காக ஒரு முதலாளி ஏழாண்டுகள் தலைநகர்வரை போராடியிருக்கிறார்!

அன்று தெளிவானது இன்றும் ஒவ்வொரு மேல்முறையீட்டிலும் மறக்கப்படுகிறது. 2008இல் டேங்கர் லாரி ஓட்டுநர் ஒருவரின் வழக்கு. வலது கால் போய்விட்டது. ஆணையர் நூறு விழுக்காடு என்றார். உயர் நீதிமன்றம் அதை 65 ஆக்கியது. கால் இல்லாதவருக்கு எவர் வண்டி கொடுப்பார்? உச்ச நீதிமன்றம் மீண்டும் நூறாக்கியது. சட்டம் குறித்த முக்கியக் கேள்வி எழுந்தாலன்றி உயர் நீதிமன்றம் இத்தகைய மேல்முறையீட்டில் தலையிடலாகாது, ஊனத்தின் அளவை அது தானே மறுபடி அளக்கப் புகுவது முறையன்று என்றும் 2016இல் உச்ச நீதிமன்றம் கூறியது.

இங்கேதான் நம்மவர்கள் ஏமாந்துபோகும் இடம். மேல்முறையீட்டின் இடுக்கு வாயில் முதலாளிக்கு மட்டும் இடுக்கு அன்று, தொழிலாளிக்கும் இடுக்கே. முதல் விசாரணையில் ஏனோதானோ என்று ஒரு சான்றை நீட்டிவிட்டு, "மதுரைக் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம்" என்று இருப்பவர்கள் உண்டு. 2004 ஜூலையில் மதுரைக் கிளை திறக்கப்பட்டதால் நம் மாவட்டத்தார் சென்னைக்கு அலைவது நின்றது உண்மை. ஆனால் ஆணையர் முன் சாட்சி சொல்லாத மருத்துவர் மதுரையில் வந்து சொல்லப்போவதில்லை. சிகிச்சை அளித்தவர் ஒருவர், சான்று எழுதியவர் வேறொருவர், அவரும் எக்ஸ்ரே படத்தைச் சில நிமிடங்கள் பார்த்தவர் என்றால் அந்தச் சான்று குறுக்கு விசாரணையில் எத்தனை நேரம் நிற்கும்? சிகிச்சை அளித்த மருத்துவரை வரவழைக்கவேண்டும், அவரிடம், "இவர் கொத்தனார், இனி கொத்தனார் வேலை செய்ய இயலுமா?" என்று நேராகக் கேட்டுப் பதிவு செய்விக்கவேண்டும். நம் பங்குகளில் மருத்துவர்கள் இருக்கிறார்கள். சாட்சி சொல்லப் போனால் ஒரு நாள் வருமானம் போகும் என்று அவர்களும் ஒதுங்குகிறார்கள். கூலியையே இழந்தவரின் பக்கத்தில் நின்று அவர்கள் இதைச் சொல்லிப் பார்க்கட்டும்.

சிகிச்சைச் செலவைப் பற்றியும் சொல்லவேண்டும். 2009ஆம் ஆண்டுத் திருத்தம் 2010 ஜனவரியில் நடைமுறைக்கு வரும்வரை, இழப்பீட்டுத் தொகை வேறாகவும் மருத்துவச் செலவு தொழிலாளியின் தலையில் வேறாகவும் இருந்தது. அன்று எத்தனை மனைவியரின் தாலிக்கொடி அடகுக்கடைக்குப் போயிற்றோ! இப்போது உண்மையில் செலவான தொகையைத் திருப்பித் தரும் கடமை முதலாளிக்கு உண்டு. ஆனால் 'உண்மையில் செலவானது' என்பதற்குச் சீட்டு வேண்டும். அரசு மருத்துவமனையில் கட்டணம் இல்லை, ஆகவே சீட்டும் இல்லை. வெளியே வாங்கிய மருந்துக்கும் இடுப்புப் பட்டைக்கும் கொடுத்த சீட்டு மழையில் நனைந்து போயிற்று. துணைக்கு நின்ற மனைவி இழந்த கூலிக்குச் சீட்டு தருபவர் உலகில் எவரும் இல்லை. வேலையிடத்து விபத்துக்கு மருத்துவ உதவி எளிதாகக் கிடைக்கவேண்டும், இயன்றவரை இலவசமாகவே கிடைக்கவேண்டும் என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1981இல் மனித உழைப்பு பற்றிய தம் சுற்றுமடலில் எழுதினார். மே முதல் நாள் தொழிலாளரான புனித சூசையப்பர் விழாவில் இதை மறையுரையில் கேட்டிருக்கிறோம். மே இரண்டாம் நாள் கேட்டதாக நினைவில்லை.

அண்டி ஆபீசுப் பெண்களின் கதை சற்று வேறு. முந்திரி ஆலை ஈ.எஸ்.ஐ. திட்டத்துக்குள் இருந்தால், வேலையிடத்துக் காயத்துக்கு அவர்கள் இழப்பீட்டு ஆணையரிடம் போக வழியில்லை, ஈ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவே நிரந்தர ஊனத்தின் விழுக்காட்டை முடிவு செய்கிறது. குழு சொன்னதே கடைசிச் சொல் என்று எண்ணி அப்பெண்கள் திரும்பிவிடுகிறார்கள். 1948ஆம் ஆண்டுச் சட்டம் மருத்துவ மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தையும் காப்பீட்டு நீதிமன்றத்தையும் அவர்களுக்காகவே திறந்து வைத்திருந்தது. அந்தக் கதவைப் பற்றி அவர்களுக்கு எவர் சொன்னார்? வாரந்தோறும் கூடும் அன்பியங்களில் நாம் எதையெல்லாமோ பகிர்ந்துகொள்கிறோம்.

நம் பக்கத்திலிருந்து எழும் மறுமொழியை நாம் அறிவோம். "ஒப்பந்தக்காரரும் நம் பங்கைச் சேர்ந்தவர்தானே, அவரும் ஏழைதானே, அவரை அழிக்கலாமா?" நியாயமான கவலை. ஒரே விபத்தில் ஒரு சிறு ஒப்பந்தக்காரரின் வீடு ஏலத்துக்கு வருவதை நாமும் விரும்பவில்லை. அதற்குத்தான் காப்பீடு இருக்கிறது. வேலை தொடங்குமுன் அதை எடுக்கச்செய்வது வேலை கொடுப்பவரின் கையில் இருக்கிறது. வேலை கொடுப்பது பங்கு என்றால் பங்கின் கையில் இருக்கிறது. பங்கே நேரடியாகக் கூலி கொடுத்து ஆள் அமர்த்தியிருந்தால், தற்காலிக வேலைதானே என்று சொல்லித் தப்பும் வழியையும் 2000ஆம் ஆண்டுத் திருத்தம் அடைத்துவிட்டது. "குடித்திருந்தார்" என்பது அடுத்த மறுமொழி. உயிரிழப்பிலும் நிரந்தர முழு ஊனத்திலும் அந்த வாதம் செல்லாது. மற்றவற்றிலும் விபத்துக்கு அதுவே நேரடிக் காரணம் என்று மெய்ப்பிக்கவேண்டும். ஊர் வாயால் சொன்னால் போதாது.

ஆகவே வரும் திருவிழாவின் வரவு செலவுத் திட்டம் பேரவையில் வாசிக்கப்படும்போது, சாரத் தொழிலாளர் காப்பீடு என்ற வரி எங்கே என்று ஒருவராவது எழுந்து கேட்கவேண்டும். இன்னொன்றும் உண்டு. இழப்பீடு கோருவதற்கு விபத்து நாளிலிருந்து இரண்டு ஆண்டு அவகாசம் இருக்கிறது. தக்க காரணம் காட்டினால் தாமதத்தையும் மன்னிக்கலாம். கடந்த ஈராண்டுக்குள் நாம் முன்னின்று பேசித் தீர்த்த வழக்குகள் எவை, பதிவாகாத முத்திரைத்தாள்கள் யார் யார் வீட்டுப் பெட்டியில் கிடக்கின்றன என்பதை அன்று கையெழுத்துக்குச் சாட்சி நின்றவர்கள் அறிவார்கள். அந்த வீடுகளுக்கு இந்த வாரமே அவர்கள் போகலாம்.