ரிவால்வருக்குள் ஒரு பூட்டு

அமெரிக்காவில் தற்காப்புக்காக ரிவால்வர் வைத்திருப்பவர்கள் கால் நூற்றாண்டாக ஒரு சிறு துளையைப் பற்றி வாதிட்டுக்கொண்டிருக்கிறார்கள். ஸ்மித் அண்ட் வெஸன் நிறுவனத்தின் ரிவால்வர்களில் இடப்பக்கம், தோட்டா உருளையைத் திறக்கும் பொத்தானுக்குச் சற்று மேலே இருக்கும் சாவித் துவாரம் அது. சாவியை விட்டுத் திருகினால் சுத்தியலை ஒட்டி ஒரு சின்னத் தகடு எழும்பி நிற்கும். அதன்பின் சுத்தியல் நகராது. விசையை எவ்வளவு பலமாக இழுத்தாலும் குண்டு பாயாது. குழந்தையின் கையில் அகப்பட்டாலும் ஆபத்து இல்லை என்பது இந்தப் பூட்டு தரும் வாக்கு. உயிர் காக்க எடுக்கும் வேளையில் இது தானாகவே பூட்டிக்கொண்டால் என்ன கதி என்பது மறுதரப்பின் அச்சம்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இடுப்பிலோ கைப்பையிலோ சுமந்து செல்லும் ரிவால்வரில் இந்தப் பூட்டை நம்பக் கூடாது. சுட வேண்டிய நேரத்தில் அது மக்கர் செய்யலாம் என்பது ஒரு காரணம். குழந்தையைக் காக்க வேண்டிய நேரத்தில் அது திறந்தே கிடக்கும் என்பது அதைவிடப் பெரிய காரணம்.

பூட்டு வந்த வழியைத் தெரிந்துகொண்டால்தான் இந்தச் சண்டை ஏன் தீரவில்லை என்பது புரியும். 1990-களின் இறுதியில் அமெரிக்க நகராட்சிகள் பல, துப்பாக்கி நிறுவனங்கள் மீது வழக்குத் தொடுத்திருந்தன. அந்த நெருக்கடியில் 2000 மார்ச் 17 அன்று ஸ்மித் அண்ட் வெஸன், கிளிண்டன் அரசுடன் ஓர் உடன்பாட்டுக்கு வந்தது. ஒவ்வொரு கைத்துப்பாக்கியுடனும் வெளிப்பூட்டு தருவது, பிறகு துப்பாக்கிக்குள்ளேயே பூட்டு வைப்பது என்பவை அதன் நிபந்தனைகளில் சில. பிற பெரிய நிறுவனங்கள் கையெழுத்திட மறுத்தன. துப்பாக்கி ஆர்வலர்கள் ஸ்மித் அண்ட் வெஸனைப் புறக்கணித்தார்கள், விற்பனை சரிந்தது. 1987-இல் 11 கோடி டாலருக்கும் மேல் கொடுத்து அதை வாங்கியிருந்த டாம்கின்ஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனம், 2001 மே மாதம் ஒன்றரைக் கோடி டாலருக்கு, கடன்களையும் சேர்த்து, கைமாற்றிவிட்டது. வாங்கிய சேஃப்-டி-ஹேமர் நிறுவனத்தின் தொழிலே துப்பாக்கிப் பூட்டுதான்! ஆட்சி மாறி உடன்பாடு செல்லாக்காசு ஆன பிறகும் பூட்டு மட்டும் நிலைத்துவிட்டது.

எதிர்ப்பாளர்கள் அந்தத் துளைக்கு ஹிலாரி கிளிண்டனின் பெயரையே வைத்துவிட்டார்கள். பூட்டு சரியாக வேலை செய்கிறதா என்பது பொறியியல் கேள்வி. அதை எழுப்புபவர் எந்தக் கட்சி என்று பார்க்கும் நிலை வந்தபின் உண்மையைத் தேட யாருக்கும் பொறுமை இருக்கவில்லை. இதில் இரு தரப்புக்கும் பங்குண்டு.

தற்காப்புக்கு ரிவால்வரைத் தேர்ந்தெடுப்பவர்கள் அதன் எளிமையை நம்பித்தான் வாங்குகிறார்கள். ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தால் போதும். உருளை சுழன்று அடுத்த தோட்டா வந்து நிற்கும். விசையே கனமானது, நீளமாக இழுக்க வேண்டியது என்பதால் தனியாக ஒரு பாதுகாப்புப் பொத்தான் பெரும்பாலான ரிவால்வர்களில் கிடையாது. ஆனால் உள்பூட்டு தானாக விழுந்துவிட்டால் இந்த எளிமை எதற்கும் உதவாது. சுத்தியல் அசையாது, விசை அசையாது, அடுத்த தோட்டா வராது. திறக்கும் சாவி வீட்டு மேசை இழுப்பறையில் இருக்கும்.

அப்படி நடக்குமா? நடந்ததாகச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். அவர்கள் சொல்வதில் ஓர் ஒழுங்கும் இருக்கிறது. புகார்கள் பெரும்பாலும் ஸ்கேண்டியம், டைட்டேனியம் கலந்த மிக இலகுவான ரிவால்வர்களைப் பற்றியவை. அதுவும் மேக்னம் வகைத் தோட்டாக்களைச் சுடும்போது. 340பிடி என்ற மாடல் சுமார் 340 கிராம்தான் இருக்கும். அதில் .357 மேக்னம் வெடிக்கும்போது உடல் முழுதும் வெகுவேகமாகப் பின்னால் எகிறுகிறது. உள்ளே இருக்கும் சின்னத் தகட்டை ஒரு சிறு வில்சுருள்தான் பிடித்து வைத்திருக்கிறது. துப்பாக்கி பின்னே பாய, தகடு தன் நிலைமத்தால் பிந்தி நின்றால், பூட்டும் திசையில் அது நகர வாய்ப்பு உண்டு. ஒரு கிலோவுக்கு மேல் எடையுள்ள எஃகு ரிவால்வர்களில் இந்த உதைப்பின் வேகம் மிகக் குறைவு. புகார்களும் அவற்றில் அரிது. ஆகவே, இது வெறும் வதந்தி என்று என்னால் தள்ள முடியவில்லை.

ஆனால் எத்தனை ஆயிரத்தில் ஒன்று இப்படிப் பழுதாகிறது? இதைச் சோதித்துச் சொல்லும் அதிகாரம் அந்த நாட்டில் எந்தக் கூட்டாட்சி அமைப்புக்கும் இல்லை. நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையத்தை உருவாக்கிய 1972-ஆம் ஆண்டுச் சட்டம் துப்பாக்கிகளை அதன் வரம்புக்கு வெளியே வைத்தது. 1976-இல் நாடாளுமன்றம் துப்பாக்கியையும் தோட்டாவையும் ஆணையம் தொடக்கூடாது என்று மறுபடி வரையறுத்தது. பொம்மைத் துப்பாக்கியில் கோளாறு என்றால் அந்த ஆணையம் தலையிட்டுத் திரும்பப் பெறச் செய்யலாம். நிஜத் துப்பாக்கியில் முடியாது. அந்த விலக்குக்காகப் போராடியவர்களில் பலரே இன்று பூட்டின் நம்பகத்தன்மையைச் சந்தேகிக்கிறார்கள். அவர்களுக்குக் கிடைக்க வேண்டிய சோதனை முடிவுகள் அந்த விலக்கினாலேயே கிடைக்காமல் போயின. இது வருத்தத்துக்குரியது. அந்தக் கதவை இப்போதாவது திறக்க வேண்டும்.

பாதுகாப்பு ஏற்பாடு என்பதே ரிவால்வருக்கு ஆகாது என்று நான் சொல்லவில்லை. இதே நிறுவனம் 1887-இல், கைப்பிடியை முழுதாக இறுக்கிப் பிடித்தால் மட்டுமே சுடும் ரிவால்வரைக் கொண்டுவந்தது. இரண்டாம் உலகப் போரின்போது, 1944-இல், கப்பல் தளத்தில் தவறி விழுந்த ஒரு ரிவால்வர் வெடித்துக் கடற்படை வீரர் ஒருவர் இறந்தார். உடனே சுத்தியலைத் தடுத்து நிறுத்தும் உட்பாகத்தை நிறுவனம் மாற்றி வடிவமைத்தது. ரூகர் நிறுவனம் 1973-இல் தன் ஒற்றை இயக்க ரிவால்வர்களுக்கு இடைமாற்றுத் தண்டைக் கொண்டுவந்தது. விசை முழுதாக இழுக்கப்பட்டால் மட்டுமே அந்தத் தண்டு எழுந்து சுத்தியலின் அடியை ஊசிக்குக் கடத்தும். இவை எவற்றுக்கும் சாவி கிடையாது. யாரும் நினைவு வைத்துக்கொண்டு எதையும் செய்ய வேண்டியதில்லை. மனிதர் மறந்தாலும் இவை வேலை செய்யும். உள்பூட்டோ மனிதர் ஒவ்வொரு முறையும் சாவியைத் திருகினால்தான் காவல் நிற்கும்.

சுமக்கும் துப்பாக்கியைப் பூட்டி வைத்துக்கொண்டு யார் திரிவார்கள்? தாக்க வருபவன் சாவி தேடும்வரை காத்திருக்க மாட்டான் என்பது வாங்கியவருக்குத் தெரியும். ஆகவே அது நாள் முழுவதும் திறந்திருக்கும். 2014 டிசம்பர் 30 அன்று ஐடஹோ மாநிலத்தின் ஹெய்டன் நகரில், ஒரு பேரங்காடியில், இரண்டு வயதுக் குழந்தை தாயின் கைப்பைக்குள் இருந்த கைத்துப்பாக்கியை எடுத்துவிட்டது. குண்டு பாய்ந்து தாய் இறந்தார். அது ரிவால்வர் அல்ல. விசை இலகுவான பிஸ்டல். இருந்தாலும் எந்த உள்பூட்டும் அந்தத் தாயைக் காத்திருக்காது; காரணம், சுமக்கும் வேளையில் பூட்டு திறந்தேதான் இருந்திருக்கும். துப்பாக்கி உடலோடு ஒட்டிய, விசையை மூடிய உறைக்குள் இருந்திருந்தால் அந்தக் குழந்தையின் கை அதை எட்டியிருக்காது.

வீட்டுக்குள் நிலைமை வேறு. அங்கே பூட்டு கட்டாயம் வேண்டும். இதில் எனக்குத் துளியும் தயக்கம் இல்லை. 2020 முதல் அமெரிக்கக் குழந்தைகளும் பதின்வயதினரும் சாலை விபத்துகளைவிடத் துப்பாக்கியால்தான் அதிகம் இறக்கிறார்கள். 2021-இல் அந்த நாட்டில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர்; பாதிக்கு மேல் தற்கொலைகள். துப்பாக்கியைப் பூட்டி வைப்பது, தோட்டா நீக்கி வைப்பது, தோட்டாவைத் தனியே பூட்டி வைப்பது ஆகிய ஒவ்வொன்றும் சிறார் தற்கொலையும் விபத்தும் குறைவதோடு தொடர்புடையவை என்று 2005-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்த ஆய்வு காட்டியது. தவிக்கும் ஒரு பதினாறு வயதுப் பிள்ளைக்கும் துப்பாக்கிக்கும் நடுவே பத்து நிமிடத் தடை இருந்தால்கூட ஓர் உயிர் தப்பலாம்.

இந்தத் தடையைத் துப்பாக்கிக்குள்தான் வைக்க வேண்டும் என்பதில்லை. ஆனால் மேரிலாந்து மாநிலம் உள்ளேதான் வேண்டும் என்று முடிவெடுத்தது. 2003 முதல் புதிதாக அங்கே விற்கும் கைத்துப்பாக்கிகளுக்கு உள்பூட்டைக் கட்டாயமாக்கியது. மாசசூசெட்ஸ் 1998-இல் வேறு வழி கண்டது. வைத்திருக்கும் துப்பாக்கி பூட்டிய பெட்டியில் இருக்க வேண்டும், அல்லது அதன்மேல் பூட்டு மாட்டியிருக்க வேண்டும். உரிமையாளர் சுமந்துகொண்டிருந்தாலோ அவர் கட்டுப்பாட்டில் இருந்தாலோ இந்த விதி பொருந்தாது. இரண்டு நிலைகளையும் பிரித்துப் பார்த்ததால் எனக்கு இரண்டாவது சட்டமே அறிவுள்ளதாகப் படுகிறது. வாஷிங்டன் நகரத்தின் சட்டம் வீட்டுத் துப்பாக்கியை எப்போதும் பிரித்தோ பூட்டியோ வைக்கச் சொன்னது. தற்காப்புக்கே இடமில்லாமல் போகிறது என்று கூறி 2008-இல் உச்ச நீதிமன்றம் 5-க்கு 4 என்ற பெரும்பான்மையில் அதை ரத்து செய்தது. அளவு மீறிய விதி, விதியே இல்லாத நிலைக்குத்தான் கொண்டுபோய் விடுகிறது.

உள்பூட்டுக்கு ஒரு நியாயம் உண்டு: பெட்டி வாங்கப் பணமோ அக்கறையோ இல்லாதவரிடமும் அது இருக்கும். ஆனால் அக்கறை இல்லாதவர் சாவியைத் திருகப்போவதில்லை. 2024-இல் ஸ்மித் அண்ட் வெஸன் உள்பூட்டு இல்லாத சிறு ரிவால்வர்களைப் புதிதாக வெளியிட்டபோது பலர் அதை வெற்றியாகக் கொண்டாடினார்கள். சுமப்பதற்கு அதுதான் பொருத்தம் என்பதில் எனக்கும் உடன்பாடே. கொண்டாடியவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும்: இரவு உறையைக் கழற்றியதும் அந்த ரிவால்வர் எங்கே போகிறது? விரல் பதிவிலோ எண்ணிலோ சில நொடிகளில் திறக்கும் எஃகுப் பெட்டிகள் கடைகளில் இருக்கின்றன. பூட்டில்லாத ரிவால்வரை விற்கும் நிறுவனம் அப்படி ஒரு பெட்டியைச் சேர்த்தே விற்க வேண்டும். அதன் விலையும் துப்பாக்கியின் விலையிலேயே அடங்கியிருக்க வேண்டும்.