செல்ஃப் எடுக்குது... அப்புறம்?

'செல்ஃப் எடுக்குது சார், ஸ்டார்ட்தான் ஆகலை!'

காரைக்காலில் பழைய சான் ஸ்டார்ம் வைத்திருப்பவர் இப்படிப் புலம்பினால் பாவம்தான். 1998-ல் வந்த இந்திய ஸ்போர்ட்ஸ் கார்; உள்ளே பிரெஞ்சு ரெனோ எஞ்சின். பிரெஞ்சுக்காரர்களோ 1954-லேயே ஊரை விட்டுப் போய்விட்டார்கள், ஸ்பேர் வைத்துவிட்டுப் போகவில்லை!

உடனே 'பேட்டரியை மாத்து, செல்ஃப் மோட்டாரை மாத்து' என்று பட்டியல் வரும். அட, எஞ்சின் விறுவிறுவென்று சுற்றுகிறதென்றால் அவை இரண்டும் நிரபராதிகள்! விசாரிக்க வேண்டியது வேறு ஆட்களை. பிளக்கில் பொறி வருகிறதா? சாவியைத் திருப்பியதும் பெட்ரோல் பம்ப் ஓரிரு விநாடி 'உய்ங்' என்கிறதா? கிராங்க் சென்சார் சிக்னல் தருகிறதா? கடற்கரை ஊர் வேறு. உப்புக்காற்றில் எர்த் ஒயர் முனை பூத்துப் போயிருந்தால், சுரண்டி இறுக்கினாலே வண்டி உறுமலாம்.

தப்பு மெக்கானிக் மேல் மட்டுமா? அரை நாள் தேடிப் பழுதைக் கண்டுபிடித்தவர் 500 ரூபாய் கேட்டால், 'ஒயரைச் சுரண்டினதுக்கா?' என்று எகிறுகிறோம். புது பார்ட்ஸ் மாட்டி 5,000 பில் போட்டால் பொத்திக்கொண்டு கொடுக்கிறோம்.

மூளைக்குக் கூலி தராதவர்களிடம் இரும்பைத்தான் விற்பார்கள்!