வெள்ளம் வருமுன் சொல்லும் கணக்கு

2015-ம் ஆண்டு டிசம்பர் 1-ந்தேதி. சென்னையில் பேய் மழை. செம்பரம்பாக்கம் ஏரி ததும்பியது. அன்றிரவு விநாடிக்கு 29 ஆயிரம் கன அடி தண்ணீர் அடையாற்றில் திறந்து விடப்பட்டது.

ஆறு கரை புரண்டது. ஜாபர்கான்பேட்டையும், சைதாப்பேட்டையும் மூழ்கின. அசோக் நகர் தெருக்களிலும் வெள்ளம் புகுந்தது.

ஏரி திறக்கப்படும் செய்தி முன்பே வந்தது. ஆனால், எந்தத் தெருவுக்கு, எத்தனை மணிக்கு, எவ்வளவு தண்ணீர் வரும்? அதைச் சொல்லும் ஏற்பாடு அன்று சென்னையில் இல்லை.

அதன் பிறகு விஞ்ஞானிகள் அந்த வேலையில் இறங்கினார்கள். பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம், பம்பாய் ஐ.ஐ.டி., சென்னை ஐ.ஐ.டி., அண்ணா பல்கலைக்கழகம் ஆகியவை கைகோர்த்தன. "சி-புளோஸ்" என்ற வெள்ள எச்சரிக்கை ஏற்பாடு பிறந்தது.

அது என்ன செய்கிறது?

கம்ப்யூட்டருக்குள் ஒரு சென்னையைக் கட்டியிருக்கிறார்கள். கல்லாலும் மண்ணாலும் அல்ல, எண்களால்! மேடு, பள்ளம், ஆறு, ஏரி எல்லாம் அதில் உண்டு. அந்தச் சென்னையில் மழையைப் பெய்ய வைக்கிறார்கள். தண்ணீர் எங்கே ஓடும், எங்கே தேங்கும் என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

கடலையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கடல் மட்டம் ஏறும் நேரத்தில், முகத்துவாரத்தில் ஆற்று நீர் எளிதில் வடியாது. ஏரியை மட்டும் பார்த்தால் கணக்குப் பொய்த்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட நேரம் பிடிக்கும். மழை காத்திருக்குமா? எனவே, பலவகை மழைக்கும் முன்கூட்டியே கணக்குப் போட்டு வைத்திருக்கிறார்கள்.

ஆனால், கம்ப்யூட்டருக்குத் தெரியாத ஒன்று உண்டு. அது, நேற்று குப்பை அடைத்துக்கொண்ட வடிகால்! கணக்கில் தண்ணீர் ஓடும், தெருவில் ஓடாது. வடிகாலைத் தூர் வாருவது அதிகாரிகளின் கடமை. அதில் குப்பை கொட்டாமல் இருப்பது மக்களின் கடமை.

இன்னொன்று, கணக்கு அதிகாரிகளின் மேஜையோடு நின்றுவிடக் கூடாது. "29 ஆயிரம் கன அடி" என்றால் தரைத்தள வீட்டில் இருக்கும் பாட்டிக்கு என்ன புரியும்? "இரவு 10 மணிக்கு உங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் வரும். இப்போதே மாடிக்குப் போங்கள்" என்று சொன்னால் புரியும்.

படகு வருவதற்கு முன்பே அந்தச் சொல் வர வேண்டும்.