மாயத்திற்கும் விலை உண்டு

மாயக்கதை எழுதுவது எளிது என்னும் எண்ணம் தமிழ் மாணவரிடையே வேரூன்றிக் கிடக்கிறது. தோட்டத்து வாழ்வை எழுத வேண்டுமாயின் அதனை அறிந்திருத்தல் வேண்டும். ஈப்போ நகரத்துத் தெருவை எழுத வேண்டுமாயின் அத்தெருவில் நடந்திருத்தல் வேண்டும். ஆனால், இல்லாத நாட்டையும் இல்லாத மந்திரத்தையும் எழுதுவோன் எதனையும் அறிய வேண்டுவதில்லை, எவர்க்கும் விடை கூற வேண்டுவதில்லை என்பதே அவ்வெண்ணம். எழுத்துப் பழகுவோனைக் கெடுப்பதற்கு இதனினும் வல்லதொரு பிழை வேறில்லை.

இப்பிழையை இரு சாரார் வளர்க்கின்றனர். ஒரு சாரார், மேனாட்டு நூல்களிலும் திரைப்படங்களிலும் கண்ட மந்திரக் கோலையும் நெருப்புமிழும் பறவைநாகத்தையும் அப்படியே எடுத்து வைத்துக் கொள்ளும் இளைஞர். அவர்தம் கதைத் தலைவன் இடர்ப்படும்போதெல்லாம் புதியதொரு மந்திரம் அவன் நாவில் தோன்றுகிறது. இடர் நீங்கியதும் அம்மந்திரம் மறக்கப்படுகிறது. மற்றொரு சாரார், அத்தகைய கதையைக் கண்டவுடன் ‘மூடநம்பிக்கை’ எனச் சிவப்பு மையால் எழுதித் திருப்பித் தரும் ஆசிரியர். முன்னவர் மாயத்திற்கு விதி வேண்டா என்கின்றனர்; பின்னவர் மாயத்திற்கு விதி இருக்கவே முடியாது என்கின்றனர். வேறு வேறு முகம் காட்டினும் இருவர் கூற்றும் ஒன்றே.

உண்மை என்ன? தமிழ்க் குழந்தைகள் பல தலைமுறையாகக் கேட்டு வந்த விக்கிரமாதித்தன் கதையை எண்ணிப் பார்த்தல் போதும். வேதாளத்தைச் சுமந்து செல்லும் மன்னன் வாய் திறத்தல் ஆகாது. திறந்தால் வேதாளம் மீண்டும் முருங்கை மரம் ஏறிவிடும். ஆயின், வேதாளம் கேட்கும் வினாவிற்கு விடை தெரிந்தும் வாய் திறவாதிருந்தால் அவன் தலை வெடித்துச் சிதறும். இவ்விரண்டு விதிகளே அக்கதைத் தொடர் முழுவதையும் தாங்கி நிற்கும் தூண்கள். பேசினால் இழப்பு, பேசாவிடின் சாவு. அறிவுடையவன் அறிவுடைமையினாலேயே தோற்கிறான்! இவ்விதிகளை நீக்கிவிட்டால் எஞ்சுவது ஒரு சுடுகாடும் ஒரு பிணமுமேயன்றிக் கதையன்று.

இதனினும் ஆழ்ந்த சான்று சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையில் உண்டு. அள்ள அள்ளக் குறையாத அமுதசுரபி என்னும் பாத்திரத்தை மாணவர் அனைவரும் அறிவர். அதன் விதிகளை எத்தனை பேர் அறிவர்? சிந்தாதேவியிடம் அதனைப் பெற்ற ஆபுத்திரன் மதுரையில் பசித்தோர்க்கெல்லாம் சோறிட்டான். மழை பெய்து வளம் பெருகி, உண்பார் இல்லாது போனபோது, பாத்திரம் இருந்தும் அவன் வறியவன் ஆனான். சாவக நாட்டில் மழையின்றி மக்கள் மடிவதாகக் கேட்டுக் கப்பலேறினான். வழியில் மணிபல்லவத் தீவில் தனித்து விடப்பட்டான். கையில் உலகுக்கே சோறிடும் கலம். எதிரில் உண்பதற்கு ஓர் உயிரில்லை. தன் ஒருவன் வயிற்றுக்காக அதனைப் பயன்படுத்த மனமின்றிக் கோமுகிப் பொய்கையில் இட்டு, உண்ணாதிருந்து உயிர் நீத்தான். அப்பாத்திரம் ஆண்டுக்கு ஒரு நாள், வைகாசித் திங்கள் முழுமதி நாளில் மட்டுமே நீர்மேல் தோன்றும். அதனைப் பெற்ற மணிமேகலையும் உடனே சோறு வழங்கவில்லை. முதற்பிச்சை ஆதிரையின் கையால் இடப்பட்ட பின்னரே அது சுரந்தது.

மணிமேகலை பெற்ற மந்திரங்களும் மூன்றே: வேற்றுரு எய்துதல், வான்வழிச் செல்லுதல், பசியைத் தாங்குதல். நான்காவது ஒன்றை அவள் இடருக்காகச் சாத்தனார் படைத்துத் தரவில்லை. மாறாக, பெற்ற மந்திரமே அவளுக்கு இடராகிறது. உதயகுமரனிடமிருந்து தப்பக் காயசண்டிகையின் உருவை எடுத்தாள். அதனைக் கண்ட காயசண்டிகையின் கணவன், தன் மனைவி பிறனொருவனை நாடினாள் என மயங்கி உதயகுமரனை வெட்டி வீழ்த்தினான். மணிமேகலை சிறை புகுந்தாள். உருமாற்றம் தப்பும் வழியைத் தந்தது; ஓர் உயிரை விலையாகக் கொண்டது. காயசண்டிகையோ பன்னிரண்டாண்டுச் சாபப் பசி நீங்கி வான்வழி மீளுகையில், விந்த மலைக்கு மேலே பறத்தலாகாது என்னும் விதியை மீறி, அம்மலையைக் காக்கும் தெய்வத்தின் வயிற்றுக்குள் மறைந்தாள். விதி அறியாதார்க்கும் விதி விதியே அன்றோ?

இவற்றையெல்லாம் வகுப்பறையில் ‘காப்பியக் கற்பனை’ என்னும் இரண்டு சொற்களால் கடந்து செல்வது தமிழ் மாணவர்க்கு இழைக்கும் தீங்காகும்.

‘விதி வகுத்தால் வியப்புக் கெடாதோ?’ என்பார் உளர். விதியை அறிவது ஆசிரியன் கடமை. அதனை முழுவதும் விளக்குவது அவன் கடமையன்று. அமெரிக்க எழுத்தாளர் உர்சுலா லெ குவின் 1968ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் மாயத்தீவுக் கதையில், ஒரு பொருளின் மெய்ப்பெயரை அறிந்தோனே அதனை ஆள முடியும் எனவும், ஓரிடத்தில் மழையை வருவித்தால் வேறோரிடத்தில் வறட்சி நேரலாம் எனவும் விதித்தார். அவர் விதித்த அச்சமநிலையே அக்கதையின் வியப்பாயிற்று. தடையில்லாத ஆற்றல் வியப்பைத் தருவதில்லை, சலிப்பையே தரும்.

பேராக் மண்ணில் பிறந்த தமிழ் இளைஞனுக்கு இத்தகைய விதிகளைத் தேடிக் கடல் கடக்க வேண்டிய தேவையில்லை. ஈப்போவைச் சூழ்ந்த கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் பாவாங் எனப்படும் மலாய் மந்திரவாதியர் விதித்த தடைகளை, அங்குச் சுரங்க ஆய்வாளராகப் பணியாற்றிய ஆபிரகாம் ஹேல் 1885ஆம் ஆண்டில் எழுதி வைத்தார். சுரங்கத்திற்குள் யானையைக் கொணர்தல் ஆகாது. அதன் பெயரைச் சொல்லுதலும் ஆகாது. வேறொரு சொல்லாலேயே குறித்தல் வேண்டும். ஏன்? யானை கால் வைத்தால் ஈய மணலை அலசும் நீர்க்கால்களும் அணைகளும் உடையும். ஆகவே அதன் பெயரைக் கேட்பினும் அங்குறையும் ஆவிகள் சினக்கும். மந்திரத் தடை தொழிலின் அச்சத்திலிருந்து பிறந்தது என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

இரப்பர்த் தோட்டத்தை நோக்குக. பால்மரமே ஒரு மாயக் கலம் அன்றோ? பட்டையை மெல்லியதாகச் சீவினால் பால் சுரக்கும். ஆழச் சென்று மரத்தைத் தொட்டுவிட்டால் அவ்விடம் புண்ணாகி, வளரும் புதுப்பட்டை முண்டும் முடிச்சுமாகும். விடியுமுன் வெட்டினால் பால் பெருகும்; வெயில் ஏறினால் குறையும்; மழை பெய்தால் வேலையும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. சீவிய பட்டை மீண்டும் வெட்டுக்கு வரப் பல ஆண்டுகள் ஆகும். ஓய்வு தராமல் வெட்டப்படும் மரம் ஒரு நாள் பட்டை வறண்டு, பால் அற்று நிற்கும். எத்தனை கூர்மையான கத்தியும் பின்னர் அதனிடம் எதனையும் பெறாது. இருளில் பிரட்டுக்கு எழுந்து சென்ற பாட்டியின் கை இவ்விதிகளையெல்லாம் அறிந்திருந்தது. ஆற்றல் சுரக்கும் பொழுது, அதற்குரிய அளவு, மீறினால் நேரும் இழப்பு, ஆறுவதற்கு வேண்டிய காலம் என ஒரு மாய உலகுக்கு வேண்டிய அனைத்தும் அக்கையில் இருந்தன. சுரந்த பாலின் பயன் யாரிடம் சென்றது, புண் யாரிடம் தங்கியது என்னும் வினாவும் அதனுள்ளேயே இருந்தது. அவ்வினாவைக் கேட்கும் மாயக்கதை பொழுதுபோக்காக நில்லாது, வரலாறாகும்.

அத்தோட்டங்கள் பல இன்று இல்லை. செம்பனை வளர்ந்துவிட்டது, வீடமைப்புத் திட்டங்கள் எழுந்துவிட்டன, லயங்கள் இடிந்துவிட்டன. மங்கு என்றால் என்ன, பீலி என்றால் என்ன என்று கேட்டால் விடை கூறத் தெரியாத மாணவன் மேனாட்டு மந்திரப் பள்ளியின் சட்டதிட்டங்களை ஒப்பிக்கிறான். அவன் மீது குற்றமில்லை. அவன் பாட்டியின் கை அறிந்தது ஓர் அறிவு என்று அவனுக்கு எவரும் சொல்லவில்லை. தோட்டத்தைப் பற்றித் துயரக்கதை மட்டுமே எழுதலாம் என எல்லை கட்டியோரும், மாயம் என்றாலே மடமை என ஒதுக்கியோரும் இதற்குப் பொறுப்பேற்றல் வேண்டும்.

கதையில் வரும் வேதாளத்தை நம்புமாறு எவரும் மாணவனைக் கேட்பதில்லை. செயலுக்கு விளைவு உண்டு, பெறுவதற்கு விலை உண்டு என்பதை நம்புமாறே கேட்கின்றனர். அதனைப் பகுத்தறிவுக்குப் பகை என்பது பகுத்தறிவையே பழித்தலாகும்.

ஆகவே, மாணவன் மாயக்கதையோடு வருங்கால் ஆசிரியர் சிவப்பு மையைச் சற்றே ஒதுக்கி வைத்து மூன்று வினாக்களைக் கேட்பாராக: இம்மந்திரம் எதனைச் செய்ய இயலாது? இதற்கு விலை என்ன? அவ்விலையைக் கொடுப்பவர் யார்? மூன்றாவது வினாவிற்கு விடை தேடும் மாணவன், மந்திரக் கோலைக் கீழே வைத்துவிட்டுத் தன் பாட்டி நின்ற நிரைக்குத் தானே வந்து சேர்வான்.