வயிற்றுவலி எல்லாம் காஸ்ரிக் இல்லை

கிளிநொச்சியில் குடிக்கு எதிராகப் பேசுகிறவர்கள் எல்லோரும் ஈரலைத்தான் பிடித்துக்கொள்வார்கள். ஈரல் கெட்டுப்போக வருடங்கள் எடுக்கும் என்று குடிக்கிறவருக்கும் தெரியும். ஆகவே பேச்சு அவரில் ஒட்டுவதில்லை. குடியால் வந்து சில நாட்களிலேயே ஆளை முடித்துவிடக்கூடிய சதையி (கணைய) அழற்சியைப் பற்றி மேடையில் ஒருவரும் வாய் திறந்து நான் கேட்டதில்லை.

நான் ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்தில் வேலைசெய்து ஓய்வுபெற்றவன். நோயாளிகளின் முகத்தைவிட அவர்களுடைய குருதிதான் எனக்குப் பழக்கம். கசிப்போ சாராயமோ குடித்தபின் மேல்வயிறு குத்தி, முதுகுக்குப் பாய்ந்து, குனிந்தபடி வருகிறவருக்கு அமிலேஸ் என்ற சதையி நொதியம் குருதியில் பெரும்பாலும் வழமையான எல்லையின் மும்மடங்கைத் தாண்டி நிற்கும். நான் பக்கத்தில் பார்ப்பது, வெண்குருதிக்கலங்களில் ஒரு வகையான நியூட்ரோபில்களின் கணக்கை. 40 முதல் 70 வீதத்துக்குள் இருக்கவேண்டியது 85, 90 என்று ஏறியிருக்கும்.

சதையி தன் நொதியங்களாலேயே தன்னைச் செரிக்கிறது என்று நோயியலாளர் ஹான்ஸ் கியாரி 1896இல் சொன்னார். அது பாதிக் கதை. காயப்பட்ட இடத்துக்கு ஓடிவரும் நியூட்ரோபில்கள், கிருமியைக் கொல்ல வைத்திருக்கும் எலாஸ்டேஸ், மயலோபெராக்சிடேஸ் முதலிய நொதியங்களைக் கிருமியே இல்லாத சதையியில் கொட்டுகின்றன. சில தங்கள் டிஎன்ஏயையே வலையாக வீசுகின்றன. சுவீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் அந்த வலையைக் கரைத்தபோது சேதம் குறைந்ததை 2015இல் அறிவித்தார்கள். இதே நொதியங்கள் நுரையீரலையும் அரிக்கும். வயிற்றுவலி என்று வந்தவர் மூச்சுக்கு இழுப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

எலாஸ்டேஸை அடக்கும் சிவெலெஸ்டாட் என்ற மருந்து ஜப்பானில் 2002இல் நுரையீரல் பாதிப்புக்கு அனுமதிக்கப்பட்டது. ஆனால் சதையி அழற்சியை நிறுத்துவதாக உறுதிப்பட்ட மருந்து இன்னும் எங்கும் இல்லை. சேலைன், வலிமருந்து, ஒட்சிசன்தான் கையில் இருப்பவை. இப்படி ஏற்றும் திரவத்தையும் அளவுக்கு மிஞ்சி ஓடவிட்டால் கெடுதல் என்று 2022இல் வெளிவந்த வாட்டர்ஃபோல் ஆய்வு காட்டியது. அடிக்கடி யாராவது பார்த்து அளவை மாற்றவேண்டும். அதை வீட்டில் செய்ய முடியாது.

விசுவமடுவிலும் ஒட்டுசுட்டானிலும் நடப்பதோ வேறு. “காஸ்ரிக்” என்று ஒரு குளிசையைப் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். ஆஸ்பத்திரிக்குப் போனாலும், “குடிச்சனீங்களோ?” என்று டொக்டர் கேட்கும்போது பக்கத்தில் நிற்கும் அம்மாவுக்காக “இல்லை” என்பார்கள். பித்தக்கல்லாலும் சதையி அழற்சி வரும் என்பதால் குடியைத் தொடாத பெண்களும் தப்புவதில்லை.

பாமசியில் நிற்கும் தம்பிமாரே, ஒமிப்பிரசோலை எடுத்து நீட்டமுதல் “முதுகுக்குப் பாயுதோ, சத்தி நிக்காமல் வருதோ?” என்று கேளுங்கோ. ஓமென்றால் குளிசையை விற்கவேண்டாம், ஆஸ்பத்திரிக்கு ஏத்தி விடுங்கோ.