கொடுக்கும் கையும் குனியும் தலையும்

பள்ளித் தவணை தொடங்கும் காலம் நெருங்கினால் ஜொகூர் மாநிலத்தின் மண்டபங்கள் களைகட்டிவிடும். ஜொகூர் பாருவிலும் கூலாயிலும் குளுவாங்கிலும் சிகாமட்டிலும் வசதி குறைந்த மாணவர்களுக்குப் பள்ளிப் பை, காலணி, சீருடை, எழுதுபொருள் வழங்கும் நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. இளைஞர்கள் விடியற்காலையிலேயே வந்து நாற்காலிகளை அடுக்கி, காலணிகளை அளவு வாரியாகப் பிரித்து, உணவுப் பொட்டலம் கட்டி வியர்வை சிந்துகின்றனர். அவர்களின் நல்லுள்ளத்தை எவரும் குறைகூற இயலாது. ஆனால், அவர்களின் வியர்வை எதற்கு விலையாகிறது என்பதைக் கேட்டே ஆகவேண்டும்.

நிகழ்ச்சி சிறப்பு விருந்தினரின் வருகைக்காகக் காத்திருக்கிறது. பசித்த பிள்ளைகளும் காத்திருக்கின்றனர். வரவேற்புரை, தலைமையுரை, மாலை, பொன்னாடை எல்லாம் முடிந்தபின் ஒரு பிள்ளையின் பெயர் ஒலிபெருக்கியில் முழங்குகிறது. பெயரோடு பள்ளியின் பெயரும், சில வேளைகளில் தந்தையை இழந்த செய்தியும் சேர்ந்தே ஒலிக்கின்றன. பிள்ளை மேடையேறுகிறது. பையைக் கொடுப்பவர் இன்னும் விடவில்லை. படம் எடுப்பவர் “இன்னொரு முறை” என்கிறார். அன்று மாலைக்குள் அந்தப் படம் ஊரார் கைப்பேசிகளில் எல்லாம் உலவிவிடுகிறது. மறுநாள் அதே பையோடு வகுப்பில் நுழையும் பிள்ளையை உடன் பயிலும் பிள்ளைகள் எந்தக் கண்ணால் பார்ப்பர்? வீட்டுச் சுவருக்குள் அடங்கியிருந்த வறுமையை ஊரறியச் சுமக்கும் பாரமும் அன்றோ அதன் தோளில் ஏறிவிடுகிறது!

விளம்பரம் இன்றேல் நன்கொடை வராது என்று சிலர் வாதிடுவர். வள்ளுவரே ஈகைக்கு அடுத்துப் புகழை வைத்தார் என்று சான்றும் காட்டுவர். 23ஆம் அதிகாரம் ஈகை, 24ஆம் அதிகாரம் புகழ் என்பது உண்மையே. ஆயினும் 22ஆம் அதிகாரம் ஒப்புரவறிதல் என்பதை அவர்கள் மறந்துவிடுகின்றனர். கைம்மாறு கருதாமல் ஊரோடு பொருந்தி உதவும் கடமையை உணர்த்திய பிறகே வள்ளுவர் ஈகைக்கு வருகிறார். மேலும், புகழ் என்பது பிறர் வாயில் பிறப்பது. தம் பெயரைத் தாமே பதாகையில் அச்சிட்டுக்கொள்வதற்கு வேறு பெயர் உண்டு.

விளம்பரமின்றித் தமிழர் கொடார் என்பது வரலாற்றுக்கும் பொருந்தாத கூற்று. 1956இல் சிங்கப்பூரில் இருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை தோன்றிய காலத்தில், தமிழ் நூல்கள் வாங்குவதற்காகத் ‘தமிழ் முரசு’ ஆசிரியர் கோ. சாரங்கபாணி ‘தமிழ் எங்கள் உயிர்’ நிதியைத் திரட்டினார். உடலுழைத்து வாழ்ந்த தொழிலாளர்களும் தம் சிறு கூலியிலிருந்து அதற்குக் கொடுத்தனர். அவர்களுள் எத்தனை பேர் மேடைப் பொன்னாடைக்காகக் கொடுத்தனர்? அரசாங்கமும் 2023 முதல் பெற்றோர் வருமானத்தைப் பாராமல் மாணவர்களுக்குப் பள்ளித் தொடக்க உதவியாக 150 வெள்ளி வழங்குகிறது. எல்லார்க்கும் கிடைப்பதால் அதைப் பெறும் எந்தப் பிள்ளையும் தலைகுனிவதில்லை. அரசாங்கம் காக்கும் இந்த நாகரிகத்தை அறச்செயல் புரிவோர் காக்கலாகாதா?

பிள்ளைக்குப் பை வேண்டும், மறுப்பதற்கில்லை. பைக்குள் இருக்கும் புத்தகத்தைப் படிக்கத் துணையும் வேண்டுமே! தோட்டங்கள் துண்டாடப்பட்டு, குடும்பங்கள் அடுக்ககங்களுக்குக் குடிபெயர்ந்தபின் பழைய லயத்து அண்டை அயல் உறவும் கலைந்தது. பொழுது விடியுமுன்னரே மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்லும் தந்தை இருட்டிய பிறகே வீடு திரும்புகிறார். அந்த வீட்டுப் பிள்ளை எழுத்துக்கூட்டித் தடுமாறும்போது அருகில் அமர்ந்து கேட்க ஆளில்லை. ஒரு நாள் விழா இந்தக் குறையைத் தீர்க்குமா?

தீர்க்கும் வழியை இந்நாட்டுத் தமிழர் அறியாதவர் அல்லர். 1982இல் மலாயாப் பல்கலைக்கழக விரிவுரையாளர் டாக்டர் தம்பிராஜா தோற்றுவித்த ஸ்ரீ முருகன் நிலையத்தில் பல்கலைக்கழக மாணவர்களும் பட்டதாரிகளும் வாரந்தோறும் வந்து இளையவர்களுக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தனர். அவர்கள் தந்தது நேரம். அதைப் படம் பிடித்து மாட்டுதல் அரிது. அதனாலேயே அது உயர்ந்த கொடை.

தமிழாசிரியர்களுக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. ஏழைப் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அவர்கள் கையிலிருந்தே மண்டபத்துக்குச் செல்கிறது. பொருள் வரட்டும், பிள்ளையின் பெயர் வெளியே போகாது என்று அவர்கள் உறுதியாகச் சொல்லவேண்டும். பைகள் பள்ளிக்கு வந்து சேர்ந்தால் பெற்றோரை அழைத்து ஓசையின்றிக் கொடுத்துவிடலாம். விழாவில் நாற்காலி அடுக்கிய மாணவனும் அத்தோடு நின்றுவிடலாகாது. அவன் வாரம் ஒரு மணி நேரம் ஒரு சிறுவனோடு அமர்ந்து ஒரு கதையைப் படிக்கட்டும். ஜொகூரில் ஏறத்தாழ 70 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் இத்தகைய பத்துப் பேர் கிடைத்தால் எழுநூறு பிள்ளைகளுக்குத் துணை கிடைக்கும்.

கொடுக்கும் கை உயர்வதற்காக வாங்கும் தலை குனிய நேர்ந்தால் அந்தக் கொடை கடனினும் கொடிது. கடனையாவது ஒருநாள் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஊர் பார்த்த படத்தை அந்தப் பிள்ளை யாரிடம் திருப்பிக் கொடுக்கும்?