ஏடும் ஆசானும்

அயலார் வாள்வீச்சைத் திரையிற் கண்டு வாய்பிளக்கும் தமிழ இளைஞர்காள்! ஒன்று கேண்மின்.

ஐரோப்பாவின் பழைய நெடுவாட்கலை வழக்கொழிந்து, வழிவழிக் கற்பிக்கும் ஆசானின்றிப் போயிற்று. எஞ்சியவை ஏடுகளே. ஏறத்தாழ 1300-இல் செருமானிய நிலத்தில் எழுந்த வாட்போர்ச் சுவடியொன்று இன்று இங்கிலாந்தின் இலீட்சு நகரில் உள்ளது. அத்தகு ஏடுகளின் படம் பார்த்தே, கூர்மழுக்கிய எஃகுவாளும் கம்பிவலை முகமூடியும் தடித்த கையுறையும் பஞ்சுபொதி மேலங்கியும் பூண்டு, மாண்ட கலையை அவர்கள் மீட்கின்றனர்.

நம் நிலை என்ன? முத்துப்பேட்டை முதலாகத் தஞ்சை வளநாட்டில் சிலம்பாசான்கள் இன்றும் உளர். பிரம்பும் சுருள்வாளும் மான்கொம்பும் அவர் கையில். அடிவரிசைப் பெயர்களோ அவர் நாவில். 2024 சனவரியில் தமிழ்நாட்டில் நிகழ்ந்த 'கேலோ இந்தியா' இளைஞர் போட்டியில் சிலம்பம் காட்சி விளையாட்டாயிற்று. காட்சியோடு கடமை முடிந்ததோ?

அவர்க்கு ஏடிருந்தது, ஆசான் இல்லை. நமக்கு ஆசான் உளர். எழுதிவைத்த ஏடோ மிகச் சில. ஆசான் மறைந்தபின் எதைத் தேடுவீர்?

ஊர்தோறும் செல்மின்! ஒவ்வோர் அடியையும் ஆசான் சொல்லும் தமிழ்ச் சொல்லாலேயே எழுதுமின், படம் வரைமின். பயிலும் பிள்ளைக்குத் தலைக்காப்பும் கைக்காப்பும் தருமின். வாளைக் கடையில் வாங்கலாம். காலடியை வாங்க இயலுமோ?